மலையேறும் விலை: பெட்ரோலும் அரசியலும் உலகச் சந்தையும்



திரிங்காப் வழியே செல்லும் மலைச்சாலையை அறிந்தவர்க்கு நான் தொடக்கத்தில் கூறப்போவது புதிதன்று. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கி நீளும் அச்சாலையில், முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லோரிகள் இறங்குகின்றன. அரிசியும் உரமும் சமையல் எரிவாயுவும் ஏற்றிய லோரிகள் ஏறுகின்றன. தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டும் கைப்பொறிக்குப் பெட்ரோல் வேண்டும்; வெட்டிய கொழுந்து வாடுமுன் ஆலைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டிக்கு எண்ணெய் வேண்டும்; பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிளுக்கும் வேண்டும். ஏறுவதற்கும் எண்ணெய், இறங்குவதற்கும் எண்ணெய் என்பதே மலைவாழ்வின் கணக்கு.

ஆதலால் எண்ணெய் விலை உயரும்போதெல்லாம் இங்கு ஒரு கேள்வி எழுகிறது. இதைச் செய்தது அரசாங்கமா, உலகமா? ஆளுங்கட்சியினர் உலகச் சந்தையைச் சுட்டுவர்; எதிர்க்கட்சியினர் அரசாங்கத்தைச் சுட்டுவர். கடந்த சில ஆண்டுகளில் நம் நாட்டில் ஆட்சி பலமுறை கைமாறியது. இருக்கை மாறியவுடன் இரு தரப்பாரின் விடைகளும் இடம் மாறியதை நாம் நேரிற் கண்டோம். எனவே விடையை மேடைகளில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது நன்று.

கடல்வழி வந்த விலை

மலாயாவில் எண்ணெய் விலையின் கதை பெட்ரோலுக்கு முன்பே, விளக்கெரித்த மண்ணெண்ணெயுடன் தொடங்குகிறது. 1892-இல் ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பல் கருங்கடல் துறைமுகமான பாத்தூமில் மண்ணெண்ணெய் ஏற்றி, சூயஸ் கால்வாய் வழியே கிழக்கு நோக்கி வந்தது. அதுவரை தகரப் பெட்டிகளில் வந்த எண்ணெய், அன்று கப்பலின் வயிறு நிறையக் கொட்டிக் கொணரப்பட்டது. அதை இறக்கி வைக்கச் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள புலாவ் புக்கோம் தீவில் கொள்கலன்கள் அமைந்தன. அத்தீவிலேயே 1961-இல் ஷெல் நிறுவனம் சுத்திகரிப்பு ஆலையைத் திறந்தது. அத்தொடர்ச்சியில் சிங்கப்பூர் இவ்வட்டாரத்தின் எண்ணெய்ச் சந்தையாயிற்று. இன்றும் நம் நாட்டுப் பெட்ரோலின் அடக்கவிலை சிங்கப்பூர்ச் சந்தையின் சராசரி விலையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. திரிங்காப்பில் ஒருவர் ஊற்றும் எண்ணெயின் விலைக்கு அடியில் அந்தச் சிறு தீவின் வரலாறு கிடக்கிறது.

நம் மண்ணிலும் எண்ணெய் இருந்தது. சரவாக்கின் மீரியில் 1910 டிசம்பரில் முதல் கிணறு எண்ணெய் தந்தது. 1941-இல் அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஜப்பானியப் படை மீரியில் இறங்கியது. அதற்கு முன்னரே பிரித்தானியர் கிணறுகளைச் சிதைத்துவிட்டனர். உலகச் சந்தை என்று நாம் பெயரிட்டு அழைப்பது அந்நாளிலேயே அரசுகளின் முடிவுகளால் நெய்யப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கேமரன் மலையின் புதுவாழ்வும் எண்ணெயோடு பிறந்ததே. வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தது 1885-இல். ஆயினும் தேயிலைக்கும் காய்கறிக்கும் வழி திறந்தது மோட்டார்ச் சாலையே. ஜே.ஏ. ரசல் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவிற்குச் சாலை நிறைவுற்றது 1931-இல். தமிழ்த் தொழிலாளர் காட்டைத் திருத்திச் செடி நட்ட அந்நாளிலிருந்து, இம்மலையில் விளையும் பொருள் எதுவும் எண்ணெய் எரியாமல் சந்தையைக் கண்டதில்லை.

எண்ணெய் நமதாயிற்று, விலை நமதாகவில்லை

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை, 1974 ஜனவரியில் 12 டாலரை நெருங்கியது. 1974-இல் மலேசியாவின் பணவீக்கம் 17 விழுக்காட்டளவை எட்டியது. அவ்வாண்டே பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகஸ்டு 17-ஆம் நாள் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது. நாட்டின் எண்ணெய் வளம் நாட்டின் உடைமையாயிற்று.

உடைமை வேறு, விலை வேறு என்பதை இங்கே பிரித்துணர வேண்டும். நம் எண்ணெயை உலக விலைக்கு விற்க முடியுமானால், உள்நாட்டில் அதைக் குறைத்து விற்கும் ஒவ்வொரு காசும் பொதுக் கருவூலம் இழக்கும் காசாகும். மேலும், எண்ணெய் எடுக்கும் நம் நாடே எண்ணெயை இறக்குமதியும் செய்கிறது. ஆகவே ‘நம்மிடம் எண்ணெய் இருக்கிறது, விலை ஏன் உயர வேண்டும்?’ என்னும் கேள்வியின் உண்மையான வடிவம் வேறு: நம் எண்ணெயின் வருவாயை யாருக்கு, எவ்வழியில் பகிர்வது என்பதே அது. அக்கேள்விக்குச் சந்தை விடை கூறாது. அரசியலே கூற வேண்டும்.

1983-இல் அரசு வகுத்த தானியங்கி விலை நிர்ணய முறை அதற்கோர் ஏற்பாடு. சிங்கப்பூர்ச் சராசரி விலை, கொண்டுசேர்க்கும் செலவு, எண்ணெய் நிறுவனத்தின் பங்கு, நிலைய உரிமையாளரின் பங்கு ஆகியவற்றைக் கூட்டினால் ஒரு தொகை வரும். அரசு அறிவித்த சில்லறை விலை அத்தொகையினும் குறைவாயின், வேறுபாட்டை அரசு மானியமாகச் செலுத்தும். கூடுதலாயின், வேறுபாட்டை விற்பனை வரியாகப் பெற்றுக்கொள்ளும். பெட்ரோலுக்கு அவ்வரி லிட்டருக்கு 58.62 காசு வரை செல்லலாம். நிலைய உரிமையாளர்க்குக் கிடைப்பது சிறுதொகையே. 2019-இல் அது லிட்டருக்கு 15 காசாக உயர்த்தப்பட்டது. விலை ஏறிய நாளில் நிலையத்து ஊழியரிடம் சினந்து பேசுவோர் இக்கணக்கை அறிந்தால் வருந்துவர்.

பெயரில் ‘தானியங்கி’ என்றிருப்பினும், அம்முறை தானே இயங்கியதில்லை. கூட்டுத்தொகையை உலகம் தீர்மானித்தது. சில்லறை விலையை அமைச்சரவை தீர்மானித்தது. ஓர் அணைக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் வரும் நீரின் அளவு மழையைப் பொறுத்தது. மதகை எப்போது திறப்பது என்பது அதிகாரியைப் பொறுத்தது. கீழேயுள்ள வயல்காரர் நீரை மட்டுமே காண்கிறார்.

2008: மதகு திறந்த இரவு

அணைக்கட்டின் இயல்பை 2008 தெளிவாகக் காட்டியது. 2006 பிப்ரவரி இறுதியில் பெட்ரோல் விலை 30 காசு உயர்ந்து 1 வெள்ளி 92 காசாயிற்று. அதன்பின் ஈராண்டுக்கு மேல் அது அசையவில்லை. அந்த இடைவெளியில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் 60 டாலரளவிலிருந்து 100 டாலரைக் கடந்தது. 2008 மார்ச்சு 8-இல் பொதுத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. மூன்று மாதம் கழிய, ஜூன் 4-இல் பிரதமர் அப்துல்லா அகமது படாவி புதிய விலையை அறிவித்தார். அன்றிரவு நாடெங்கும் எண்ணெய் நிலையங்களில் வாகனங்கள் வரிசை கட்டின. மறுநாள் பெட்ரோல் 2 வெள்ளி 70 காசு. டீசல் 1 வெள்ளி 58 காசிலிருந்து 2 வெள்ளி 58 காசு. 2,000 சி.சி.க்கு மேற்படாத கார்களுக்கு ஆண்டுக்கு 625 வெள்ளியும், 250 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிள்களுக்கு 150 வெள்ளியும் ஈடாக வழங்கப்பட்டன.

அந்த 78 காசை உயர்த்தியது யார்? கச்சா எண்ணெய் ஜூலையில் 147 டாலரைத் தொட்டது என்பதால் உலகமே உயர்த்தியது எனலாம். ஆனால் அது ஈராண்டில் சிறுகச் சிறுக ஏறியிருக்க வேண்டிய ஏற்றம். அதைத் தேக்கிவைத்து ஓரிரவில் இறக்கியது அரசியல்.

இறங்குமுகத்திலும் இதே கலப்பைக் காண்கிறோம். ஆகஸ்டு 26-இல் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல். அதற்கு மூன்று நாள் முன்னதாக, ஆகஸ்டு 23-இல், பெட்ரோல் 15 காசு குறைந்தது. தேர்தலுக்காகக் குறைத்தனர் என்றனர் பலர். அதற்குள் உலக விலை உச்சத்திலிருந்து வெகுவாகச் சரிந்திருந்தது என்பதும் உண்மை. தேர்தல் முடிந்த பின்னும் சரிவு நிற்கவில்லை; டிசம்பர் நடுவில் பெட்ரோல் 1 வெள்ளி 80 காசுக்கு வந்தது. சரிவுக்குக் காரணம் உலகப் பொருளாதார நெருக்கடி. முதற்குறைப்பின் நாளைக் குறித்தது நம் நாட்டு நாட்காட்டி. அக்குறைப்பு ஆளுங்கூட்டணிக்கு வெற்றி தரவில்லை; அன்வார் இப்ராகிம் பெரும் வேறுபாட்டில் வென்றார்.

2019 ஜனவரி: நம் மலையின் தேர்தல்

மானியத்தை நீக்கி விலையைச் சந்தையோடு ஓடவிடும் முறை 2014 டிசம்பர் 1-இல் வந்தது. முதலில் மாதந்தோறும், 2017 மார்ச்சு இறுதி முதல் வாரந்தோறும் விலை மாறியது. 2018 மே மாதப் பொதுத்தேர்தலுக்கு முன்னரே ஓட்டம் நின்றது. ரோன் 95 பெட்ரோல் 2 வெள்ளி 20 காசில் நிலைநிறுத்தப்பட்டது. ஆட்சிக்கு வந்த நம்பிக்கைக் கூட்டணியும் அவ்விலையைக் காத்தது.

அவ்வாண்டு நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியின் முடிவைச் செல்லாதென அறிவித்தது. 2019 ஜனவரி 12 வேட்புமனு நாள், 26 வாக்களிப்பு நாள் என்றாயிற்று. ஜனவரி 5-இல் வாராந்தர விலைமுறை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ரோன் 95 ஒரே நாளில் 27 காசு குறைந்து 1 வெள்ளி 93 காசாயிற்று. வேட்புமனுவுக்கு ஒரு வாரம் முன்னதாக!

இதைத் தேர்தல் பரிசு எனக் கருதுவது எளிது. ஆனால் கணக்கைப் பார்ப்போம். 2018 அக்டோபர்த் தொடக்கத்தில் 86 டாலரளவில் இருந்த பிரெண்ட் கச்சா எண்ணெய், டிசம்பர் இறுதியில் 50 டாலரளவுக்குச் சரிந்தது. ஈரான்மீது தடை விதித்த அமெரிக்கா, நவம்பரில் எட்டு நாடுகளுக்கு மட்டும் விலக்களித்தது. அமெரிக்காவின் சொந்த உற்பத்தியும் பெருகியிருந்தது. அதாவது, திரிங்காப் மக்கள் கண்ட 27 காசுக் குறைப்பின் வேர் வாஷிங்டனின் முடிவுகளில் இருந்தது. நிலைநிறுத்திய விலையை அரசு தொடர்ந்திருந்தால், சந்தை சரிந்தபோது குறைப்பு மக்களை எட்டியிராது. மதகைத் திறந்தது அரசு. நீர் வேறு நாட்டு மழையால் வந்தது. சந்தை மீண்டும் ஏறத் தொடங்கியதும் அவ்வாண்டு மார்ச்சு வாக்கில் 2 வெள்ளி 8 காசு என உச்சவரம்பு வந்து, ஓட்டமும் நின்றது.

இத்தேர்தலிலும் விலைக்குறைப்பு ஆளுங்கூட்டணிக்கு உதவவில்லை. தேசிய முன்னணியின் ரம்லி முகமது நோர் வென்றார். மலை மக்கள் எண்ணெய் விலையை மட்டும் வைத்து வாக்களிப்பவரல்லர் என்பதற்கு இது சான்று.

கடல் கடந்த தமிழ்நிலங்களில்

இக்கலப்பு நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 2010 ஜூனில் பெட்ரோலும் 2014 அக்டோபரில் டீசலும் அரசின் விலைக்கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. ஆயினும் 2020 மே மாதத்தில் உலக விலை வீழ்ந்து கிடந்தபோது, ஒன்றிய அரசு பெட்ரோல்மீது லிட்டருக்கு 10 ரூபாயும் டீசல்மீது 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. சந்தை தந்த மலிவு வண்டியோட்டிகளை எட்டவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டரசு தன் வரியில் 3 ரூபாய் குறைத்தது. 2021 நவம்பர் தொடக்கம் முதல் 2022 மார்ச்சு 22 வரை, ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்து முடியும்வரை, நாள்தோறும் மாற வேண்டிய விலை நான்கு மாதத்துக்கு மேல் மாறாதிருந்தது. அதே காலத்தில் உக்ரைன் போரால் உலக விலை 100 டாலரைத் தாண்டியது.

இலங்கை கற்பித்த பாடம் கசப்பானது. 2021 இறுதியில் லிட்டருக்கு 177 ரூபாயாக இருந்த பெட்ரோல், 2022 ஜூன் 26-இல் 470 ரூபாயாயிற்று. உலக விலை உயர்ந்ததென்பது அதில் ஒரு பகுதியே. அந்நியச் செலாவணி தீர்ந்து ரூபாய் சரிந்ததே பெரும்பகுதி. விலையைச் செலுத்த ஆயத்தமாக இருந்தவர்க்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்களில் மலையகத் தேயிலைத் தோட்டங்களின் மக்களும் இருந்தனர். கருவூலத்தின் வலிமையை மீறி உலக விலையை மறுக்கும் அரசியல் எங்கே சென்று முடியும் என்பதை அவ்வாண்டு காட்டியது.

நம் வாசலிலேயே மற்றொரு சான்று உண்டு. ஜோகூர் நீரிணையின் இருகரைகளிலும் எண்ணெயின் அடக்கவிலை ஒன்றே. ஆனால் ஒருகரையில் வரி, மறுகரையில் மானியம். சில்லறை விலைகளுக்கிடையே உள்ள பெரும்பள்ளம் முழுவதும் அரசியலின் கையால் தோண்டப்பட்டது.

ஒரே விலை, இரு சுமைகள்

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் மானியம் நீங்கியது. 2 வெள்ளி 15 காசு 3 வெள்ளி 35 காசாயிற்று. சபாவிலும் சரவாக்கிலும் பழைய விலையே நீடித்தது. ஒரே நாடு, ஒரே உலகச் சந்தை, இரு விலைகள். இதனால் ஆண்டுக்கு 4 பில்லியன் வெள்ளி மிச்சமாகும் என அரசு கூறியது. மானியத்தின் பெரும்பகுதி கடத்தலிலும் வசதி படைத்தோரின் வண்டிகளிலும் கரைந்தது என்னும் வாதம் வலுவானதே. தகுதியுடைய வண்டிக்காரர்க்கும் சிறு விவசாயிகளுக்கும் மாதம் 200 வெள்ளி தரப்பட்டது. பதிவுபெற்ற சரக்கு வண்டிகளுக்கு அட்டைவழி குறைந்த விலை கிடைத்தது.

மலையில் இக்கணக்கு வேறுவிதமாக விழுகிறது. தீபகற்பம் முழுவதும் நிலைய விலை ஒன்றே. கோலாலம்பூரில் என்னவோ, அதுவே கேமரன் மலையிலும். கேட்பதற்கு நீதியாகத் தோன்றும். ஆனால் சுமையேற்றி மலையேறும் வண்டி, சமவெளியில் ஓடும் வண்டியைவிடக் கூடுதல் லிட்டர்களை எரிக்கிறது. நிலையத்தில் மறைக்கப்பட்ட தொலைவு, அரிசியின் விலையிலும் உரத்தின் விலையிலும் மீண்டும் வெளிப்படுகிறது. உதவித்தொகை பதிவையும் சாலைவரியையும் கேட்கிறது. தோட்டத்துக்குள் மட்டுமே ஓடும் பழைய வண்டியின் உரிமையாளர்க்கு விலையேற்றம் வந்து சேரும், உதவி வந்து சேராது.

2025 செப்டம்பர் 30-இல் பெட்ரோலுக்கும் புதுமுறை வந்தது. மலேசியக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி, மாதம் 300 லிட்டர் வரை, லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு கொடுத்து வாங்கலாம்; மற்றவர்க்கு விலை 2 வெள்ளி 60 காசு என அது தொடங்கியது. அன்றைய வேறுபாடு 61 காசு. மாதம் 20 லிட்டர் ஊற்றும் மோட்டார் சைக்கிள்காரர்க்கு இதனால் 12 வெள்ளி 20 காசு மிச்சமாயிற்று. 200 லிட்டர் ஊற்றும் கார்க்காரர்க்கு 122 வெள்ளி மிச்சமாயிற்று. கூடுதலாக எரிப்பவர்க்குக் கூடுதலாகக் கிடைப்பது லிட்டர்வழி மானியத்தின் இயல்பு. அதைவிட என் மனத்தை உறுத்துவது வேறு. தொடக்க விதிகளின்படி இச்சலுகை குடியுரிமையும் ஓட்டுநர் உரிமமும் உடையவர்க்கே உரியது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் தமிழ் முதியோர் நம்மிடையே உள்ளனர். அவ்விதிகளின்படி அவர்தம் வண்டிக்கு எண்ணெய் வெளிநாட்டார் விலையில்தான். உலகச் சந்தை அவர்களை அறியாது. அந்த 61 காசு வேறுபாடு முற்றிலும் நாம் வகுத்தது.

விடை

தொகுத்துரைப்பேன். விலையின் மட்டத்தை உலகம் வகுக்கிறது. அவ்வுலகமோ பல அரசுகளின் முடிவுகளாலும் போர்களாலும் ஆனது. டாலரில் விற்கப்படும் பொருளாதலால், வெள்ளியின் மதிப்பு அம்மட்டத்தை ஏற்றியோ இறக்கியோ நம்மிடம் சேர்க்கிறது. அதன்பின் எவ்வளவு, எந்நாளில், எவர் தோளில் என்னும் மூன்றையும் நாட்டின் அரசியல் முடிவு செய்கிறது. விலை மாறும் நாளில் நாம் கேட்கவேண்டியவையும் மூன்று. சிங்கப்பூர்ச் சந்தையில் விலை எவ்வளவு மாறிற்று? வெள்ளியின் மதிப்பு எவ்வளவு மாறிற்று? எஞ்சிய வேறுபாட்டை யார் முடிவு செய்தார், அதை யார் சுமக்கிறார்? முதலிரண்டு கேள்விகளைக் கேளாமல் அரசைப் பழிப்பது எளிது. மூன்றாவதைக் கேளாமல் உலகைப் பழிப்பது அரசுக்கு எளிது.

மொழிக்குரிய இம்மேடையில் ஒரு சொல்லோடு முடிக்கிறேன். ‘மானியம்’ என்னும் சொல் முன்னாளில் வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலத்தைக் குறித்தது. அத்தகைய கொடைகளைக் கல்லிலும் செப்பேட்டிலும் எழுதுவித்தனர். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலத்தின் நான்கெல்லை எவை என அதிற் பொறித்தனர். அக்கொடையால் குறைந்த வரியை ஊரில் வேறொருவர் ஈடுசெய்ய நேர்ந்திருக்கும். ஆயினும் கணக்கு ஊரார் கண்முன் இருந்தது. நம் காலத்து எண்ணெய் மானியம் நெடுநாள் பெற்றவர் பெயரின்றியே ஓடிற்று. இப்போது பெயர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இம்மலையின் உழைப்பாளிகள் அனைவரும் இடம்பெற்றுள்ளனரா என்று பார்ப்பது நம் கடமை.